கொழும்பில் பழைய வீட்டை எளிய வீடாக்குவது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கள்ளிக்கோட்டை ஓடு, முன்னால் விறாந்தை, அதற்குப் பின்னால் ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக அறைகள். கட்டியவர்கள் அளவாகத்தான் கட்டியிருந்தார்கள். பிறகு வந்த ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொன்று ஒட்டிக்கொண்டது. கள்ளருக்குப் பயந்து விறாந்தைக்குக் கம்பி வலை, மழைக்காகப் பின்முற்றத்துக்கு மேல் அஸ்பெஸ்டஸ் தகடு, ஓட்டுத் தூசி விழுகிறது என்று ஹோலுக்கு ஒரு சீலிங், தரை பழசாகத் தெரிகிறது என்று அதற்கு மேல் டைல். கடைசியில் பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட வேண்டிய வீடாகிவிட்டது.

அதைப் புதுப்பித்தபோது நாங்கள் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, தெஹிவளை எங்கும் இப்படியான வீடுகள் இருக்கின்றன. இடித்துவிட்டு மாடி கட்டுவது ஒரு வழி. இருக்கிற வீட்டை அதன் எலும்புவரை கழற்றி, தேவையானதை மட்டும் திரும்ப வைப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்குத்தான் இந்தக் குறிப்புகள்.

மினிமலிச பாணி என்றதும் வெள்ளைப் பெட்டி மாதிரி ஒரு வீடு நினைவுக்கு வரும். தட்டைக் கூரை, தாழ்வாரம் கிடையாது, திறக்க முடியாத பெரிய கண்ணாடி. அந்தப் படங்கள் பெரும்பாலும் நம்முடையது போன்ற மழை பெய்யாத ஊர்களில் எடுத்தவை. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை, அதோடு வருடம் முழுக்க ஈரக்காற்று. அந்தத் தோற்றத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் சுவர் கறுத்துவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அடிப்படையை: குறைந்த பொருள், குறைந்த கோடு, மறைக்காத கட்டுமானம், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட இடம். நம்முடைய பழைய வீடுகளில் இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. மூடிக்கிடக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் வீட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள்

வாங்கிய உடனே அலவாங்கைத் தூக்க வேண்டாம். ஒரு பெரிய மழையாவது வீட்டுக்குள் இருந்து பாருங்கள். ஒக்டோபர், நவம்பர் மாத மாலை மழையும் மே மாதத்துத் தென்மேற்குப் பருவமழையும் வேறு வேறு விதம். மேயில் காற்று கடலிலிருந்து வரும்போது மேற்குச் சுவர்தான் அடி வாங்கும். எந்த ஓட்டுக்குக் கீழே சொட்டுகிறது, கூரைத் தண்ணீரை வடிக்கும் பீலி எந்த மூலையில் நிரம்பி வழிகிறது, தரையில் எங்கே வியர்க்கிறது என்று சோக்கட்டியால் சுவரிலேயே தேதி போட்டுக் குறித்து வையுங்கள். இந்தக் குறிகள்தான் பிறகு மேசனோடும் கொந்தராத்துக்காரரோடும் பேசும்போது உங்கள் கையில் இருக்கிற ஆதாரம்.

அதே சமயம் அளவெடுங்கள். பழைய வீட்டில் எந்த மூலையும் நேர்மூலை இல்லை. அறையின் நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால்தான் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியும். மினிமலிசத்தில் கோடுகள் குறைவு என்பதால் ஒரு கோடு கோணினாலும் கண்ணில் குத்தும். ஆகவே கோணலை எங்கே ஏற்றுக்கொள்வது, எங்கே நிமிர்த்துவது என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும்.

காகித வேலை

காணி உறுதி, நில அளவைப் படம், ஆதன வரி ரசீது மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள். பழைய அளவைப் படத்தில் பேர்ச்சஸ் கணக்கில் ஒன்று இருக்கும், நிலத்தில் இன்னொன்று இருக்கும். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. அரைப் பேர்ச் வித்தியாசம் என்றாலே 136 சதுர அடி, ஒரு சிறிய அறை. பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருந்தால், அந்தச் சுவர் யாருடையது என்பதை நில அளவையாளரிடமும் நொத்தாரிசிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த அயலவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஒரு வருடம் தூசியும் சத்தமும் அவர்களும் தாங்கப்போகிறார்கள்.

கொழும்பு நகருக்குள் வீட்டின் அமைப்பை மாற்றும் வேலைக்கு மாநகர சபையின் அனுமதி வேண்டும். இதற்குப் பின்னால் நிற்கும் சட்டம் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். வீதிக்கோடு (வீதிக்காக விட வேண்டிய எல்லை) எங்கே விழுகிறது, பின்புறத்தில் எவ்வளவு திறந்த வெளி விட வேண்டும் என்பதைப் பட்டயம் பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் பார்த்துச் சொல்லிவிடுவார். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் எடுக்க மறக்காதீர்கள். வீட்டை விற்கும்போதோ வங்கிக் கடன் எடுக்கும்போதோ அதைக் கேட்பார்கள்.

நாள்காட்டியும் பணமும்

கூரை வேலையை ஜனவரி, பெப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் அவை. தைப்பொங்கல் முடிந்த கையோடு ஓட்டைக் கழற்றினால் மார்ச் முடியும் முன் திரும்ப வேய்ந்துவிடலாம். ஏப்ரல் நடுப்பகுதியில் புத்தாண்டுக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். சிலர் ஒரு கிழமையில் வருவார்கள், சிலர் இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான். கூரை திறந்து கிடக்கும்போது புத்தாண்டு வந்தால், அதோடு சித்திரை மழையும் வரும். இதை ஒரு முறை பக்கத்து ஒழுங்கையில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டாருக்கும் இரு பக்கத்து அயலவருக்கும் நித்திரை இல்லை.

மதிப்பீட்டுக்கு மேல் இருபத்தைந்து வீதமாவது தனியாக எடுத்து வையுங்கள். புது வீட்டுக்குப் பத்து வீதம் போதும். பழைய வீடு, திறந்த பிறகுதான் உள்ளே இருப்பதைக் காட்டும். கொந்தராத்தைச் சாமானோடு கொடுப்பதா, கூலிக்கு மட்டுமா என்றால், பழைய வீட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எந்தச் சுண்ணாம்பு, எந்த மணல் என்பதில் உங்களுக்குப் பிடி இருக்க வேண்டும். காசைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள், கடைசி ஐந்து முதல் பத்து வீதத்தை அடுத்த மழை முடியும்வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

சாமானுக்குப் பழைய சோனகத் தெருவில் இரண்டு காலைகள் நடந்தாலே விலை புரிந்துவிடும். மின் சாமானுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு.

கழற்றுவது

இந்த வேலையின் இதயம் இதுதான். அவசரப்படாமல் செய்ய வேண்டியதும் இதுதான். ஒரே நாளில் ஆட்களை விட்டு உடைக்கச் சொல்லாதீர்கள். கடைசியாக ஒட்டியதை முதலில் கழற்றுங்கள், அடுத்ததை இரண்டாவதாக. அப்படிப் போனால் வீடு தன் வரலாற்றைப் பின்னோக்கிச் சொல்லும்.

எங்கள் ஹோலில் டைலை எடுத்தபோது கீழே தடித்த சீமெந்துப் படுக்கை இருந்தது. அதன் ஒரு மூலையை மேசன் மெதுவாகத் தட்டி நிமிர்த்தினார். பலகை மாதிரி ஒரு துண்டு கழன்று வந்தது. அடியில் சிவப்புச் சீமெந்துத் தரை. ஈரத் துணியால் துடைத்ததும் கையளவு இடம் மட்டும் பழுத்த மாதுளை நிறத்தில் மினுங்கியது. அம்மா குனிந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானே நாங்கள் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பொச்சுமட்டையாலை மெழுகு தேய்க்கிறனாங்கள்" என்றார். நாற்பது வருடம் மறைந்து கிடந்த தரை. அன்றைக்கே புது டைல் கணக்கை வெட்டிவிட்டோம்.

அதனால் எதைத் தொட்டாலும் அடியில் என்ன என்று ஓரமாக ஒரு சாண் அளவு திறந்து பாருங்கள். கதவு நிலைகளில் பெயின்ட்டைச் சுரண்டினால் பச்சை, கிறீம், கபிலம் என்று அடுக்கடுக்காக வரும், அதற்கு அடியில் பலாவின் மஞ்சளோ தேக்கோ முதிரையோ இருக்கலாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்தபடி உரஞ்சாமல் நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி கட்டுங்கள், குழந்தைகளைக் கிட்ட விடாதீர்கள்.

அஸ்பெஸ்டஸ் தகட்டில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். உடைத்தால் பறக்கும் நார் நுரையீரலுக்குக் கேடு, அதன் பாதிப்பு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும். தகட்டை நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்குங்கள். சுத்தியலால் அடித்து இறக்கும் ஆளை உடனே நிறுத்துங்கள். மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம், அந்த ஆளின் மூச்சும் சேர்ந்தது இது.

எதை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு எனக்கு ஒரே அளவுகோல்தான். அந்தப் பொருள் ஒரு வேலை செய்கிறதா? கதவுக்கு மேலே இருக்கும் மரக் கிராதி பழைய அலங்காரம் மாதிரித் தெரியும், எளிமையான வீட்டுக்குப் பொருந்தாது என்று பலர் அடைத்துவிடுகிறார்கள். வெப்பக் காற்று வெளியேறுவது அது வழியாகத்தான். நாங்கள் எல்லாக் கிராதியையும் வைத்தோம். சுவரில் ஒட்டியிருந்த பொய்த்தூண், வளைவு, சீமெந்துப் பூ, எல்லாம் போனது.

கூரை

பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கும் ஓட்டுக் கூரையை இறக்கி தட்டைக் கொங்கிரீட் போட ஆசைப்படுபவர்கள் ஒரு சிறு கணக்குப் பார்க்கவும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லீட்டர் தண்ணீர். நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் ஐம்பது மில்லிமீட்டர் பெய்தால் ஐயாயிரம் லீட்டர். ஆயிரம் லீட்டர்த் தண்ணீர்த் தாங்கி ஐந்து. அது சரிவில் வழிந்து போவதற்கும் தட்டையில் தேங்கி வழி தேடுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. சரிவுக் கூரையை வைத்துக்கொண்டே எளிமையாக இருக்க முடியும். சீலிங்கை எடுத்துவிட்டு கைமரங்களைத் துடைத்து அப்படியே காட்டினால் அதைவிட நேர்மையான கோடு வீட்டில் வேறெதுவும் இருக்காது.

ஓட்டை இறக்கும்போது நல்லது, உடைந்தது என்று பிரித்து அடுக்குங்கள். நல்ல ஓட்டைக் கழுவித் திரும்பப் போடலாம். குறைவதற்கு தங்கொட்டுவ, வாய்க்கால் ஆகிய ஊர்களின் பக்கத்தில் ஓடு செய்கிறார்கள், பழைய அச்சோடு பொருந்துகிறதா என்று ஓர் ஓட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பாருங்கள். கைமரங்களின் நுனியும் சுவரில் உட்காரும் இடமும் கறையானுக்குப் பிடித்த இடங்கள். ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் அந்த மரம் போயிற்று. ஓட்டைத் தாங்கும் சிலாகைகளை எப்படியும் மாற்றிவிடுங்கள். சிலாகைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் வெள்ளித்தாள் விரித்தால் மத்தியானம் வீடு கொதிக்காது.

பீலியை மறைத்துக் கட்டும் பழக்கம் மினிமலிசத்தில் உண்டு. சுவருக்குப் பின்னால் பெட்டிப் பீலி வைத்துவிட்டு வெளியே ஒரு கோடு மட்டும் தெரியும்படி செய்வார்கள். கொழும்பில் இதை வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாவிலை ஒன்று அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு கிழமையில் பறக்கத் தொடங்கிவிடும். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பார். வெளியே தெரியும் அரைவட்டப் பீலி, கைக்கெட்டும் ஏணி, அவ்வளவு போதும். வேலை நடக்கும்போதும் சீமெந்துத் தொட்டி, பெயின்ட் வாளி, பொலித்தீன் மடிப்பு எதிலும் தண்ணீர் ஒரு கிழமைக்கு மேல் நிற்க விடாதீர்கள்.

ஈரச் சுவர்

நான் செய்த பெரிய பிழை இங்கேதான். வடக்குப் பக்க அறையின் சுவரில் தரையிலிருந்து மூன்றடிக்கு உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து கிடந்தது. வேலைக்கு வந்த கொந்தராத்துக்காரர், ஜிப்சம் போர்ட் அடித்து மூடினால் இரண்டு நாளில் கண்ணாடி மாதிரிச் சுவர் கிடைக்கும் என்றார். எனக்கும் அந்த மழமழப்பு ஆசை. ஒத்துக்கொண்டேன். அப்போது கூட வேலை செய்துகொண்டிருந்த, ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த மேசன் அண்ணன் மட்டும், "உள்ள நிக்கிற தண்ணி எங்க போகும் தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த மே மழைக்குப் பிறகு அறையில் ஈரச் சாக்கு மணம். பலகையைக் கழற்றினால் பின்புறம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், அடிச்சட்டத்தில் கறையான் மண். போட்ட காசு எல்லாம் குப்பைக்குப் போனது. மூடி மறைத்த எந்த ஈரமும் காயாது என்பதை அந்த மேசனிடம்தான் கற்றேன்.

பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படை பெரும்பாலும் இருக்காது. நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். அப்படித்தான் பல தலைமுறை நின்றிருக்கிறது. அதற்கு மேல் சீமெந்தைப் பூசியதும் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி வேறு இடத்தில் வெடிக்கிறது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் இருந்தால் அறைக் காற்றின் ஈரம், அதற்கு யன்னலைத் திறப்பதே மருந்து. வெளியே முற்றத்து மட்டம் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீதியும் முற்றமும் காலப்போக்கில் உயர்ந்து, வீடு தாழ்ந்து போன இடங்கள் கொழும்பில் ஏராளம். மண்ணை வெட்டி, சுவரோரம் ஒரு சிறு சல்லி வடிகாலை விட்டதிலேயே எங்கள் சுவரில் பாதி ஈரம் குறைந்தது.

அப்புறம் கெட்ட சீமெந்துப் பூச்சை ஈரக் கோட்டுக்கு மேல் இரண்டடிவரை கொத்தி எடுத்து, செங்கலைத் தூரிகையால் உலரத் துடைத்து, ஒரு வறண்ட பருவம் முழுக்க வெறுமையாக விடுங்கள். உப்பு வெளியே பூக்கும். தண்ணீரால் கழுவ வேண்டாம், உலர் தூரிகையால் துடைத்துத் துடைத்து எடுங்கள். காய்ந்த பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டாமல், ஒன்று இறுகிய பிறகு அடுத்தது என்று பூசச் சொல்லுங்கள். கடல் மணலை நல்ல தண்ணீரில் கழுவாமல் தொடவே கூடாது. சுண்ணாம்பு இறுகக் கிழமைகள் எடுக்கும். அவசரப்படுத்தும் ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். நிறமும் சுண்ணாம்பு நிறமாகவோ ஈரத்தை வெளியே விடும் வகையாகவோ இருக்கட்டும். பிளாஸ்டிக் மாதிரி மினுங்கும் பெயின்ட் அந்தச் சுவருக்கு இன்னொரு ஜிப்சம் போர்ட்தான்.

சுவர் எடுப்பதும் வானம் திறப்பதும்

அறைகளைச் சேர்த்து ஒரே பெரிய இடமாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். நாலரை அங்குலச் சுவர் பொதுவாக வெறும் தடுப்பு, ஒன்பது அங்குலச் சுவர் பொதுவாகக் கூரையைத் தாங்கும். பொதுவாக என்ற சொல்லை நம்பி இடிக்க வேண்டாம். கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் கூரைக்குள் ஏறிப் பார்த்துச் சொல்லட்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் இந்த வேலையிலேயே மிக மலிவான செலவு.

எங்கள் வீட்டில் ஒரு சுவரைத்தான் எடுத்தோம். வீட்டை மாற்றியது பின்முற்றத்துத் தகட்டைக் கழற்றியதுதான். பன்னிரண்டு அடிக்கு ஒன்பது அடி வானம் திரும்பக் கிடைத்தது. குறுகிய, நீளமான காணியில் பக்க யன்னலுக்கு இடமில்லை, வெளிச்சம் மேலிருந்துதான் வர வேண்டும். இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பின் 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளில் மூன்றாவதை 1958இல் வாங்கினார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மற்றவற்றையும் சேர்த்து, இடையிடையே சிறு முற்றங்களும் ஒளிக்கிணறுகளும் விட்டு ஒரே வீடாக்கினார். அந்த வீட்டை முன்கூட்டிப் பதிந்து போய்ப் பார்க்கலாம். பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர் முதலில் செலவழிக்க வேண்டிய நேரம் அது. ஜப்பானில் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 1976இல் ஒசாகாவின் குறுகிய வரிசை வீடுகளுக்கு நடுவில் கட்டிய சுமியோஷி வீட்டிலும் அறைகளுக்கு நடுவே கூரையில்லாத முற்றம்தான். அங்கே மழைநாளில் ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக நனைய வேண்டும். நாங்கள் முற்றத்தைச் சுற்றி மூன்றடித் தாழ்வாரம் விட்டோம், நனையாமல் போகலாம். முற்றத்துத் தரைக்கு நல்ல சரிவும், கழற்றிக் கழுவக்கூடிய வடிமூடியும் வையுங்கள்.

வயரும் குழாயும்

இதில் சிக்கனம் வேண்டாம், யோசிக்கவும் அதிகம் இல்லை. பழைய வயரிங்கை முழுக்க மாற்றுங்கள், மின் கசிந்தால் தானே அணையும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போடுங்கள், நல்ல நில இணைப்புக் கொடுங்கள். துருப்பிடித்த இரும்புத் தண்ணீர்க் குழாய்க்குப் பதில் பிவிசி. சுவரைக் கிடையாக வெட்டி வயர் ஓட்டக் கூடாது, பழைய சாந்துச் சுவர் அந்த வரியில் பலமிழக்கும். மேலிருந்து நேராக இறக்குங்கள். பூச்சுக்கு முன் எல்லாச் சுவரையும் அளவுநாடாவோடு படமெடுத்து வைத்தால், பிறகு ஆணி அடிக்கும்போது நெஞ்சு படபடக்காது.

தரை, கதவு, பூட்டு

பழைய சிவப்புச் சீமெந்து கிடைத்தால் அதைக் காப்பாற்றுங்கள். வெடிப்பை மறைக்க முயலாமல் அதே நிறச் சீமெந்தால் நிரப்பி விடுங்கள், அந்தக் கோடுகள் அழகாகத்தான் இருக்கும். புதிதாக மினுக்குச் சீமெந்துத் தரை போடுவதென்றால் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு வெட்டுக்கோடு விடுங்கள், கோடு விடாவிட்டால் தரை தானே ஒரு கோட்டைத் தேர்ந்துகொள்ளும். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். வீடு முழுக்க ஒரே தரை ஓடினால் சிறிய வீடும் பெரிதாகத் தெரியும்.

பழைய கதவுகளை, தச்சு வேலைக்குப் பெயர்போன மொரட்டுவையில் கொடுத்துத் திருத்தலாம். கைபிடி, பிணைச்சல், ஸ்குரூ இவற்றில்தான் கடல் தன் வேலையைக் காட்டும். கடலோர வீதியான மரைன் டிரைவுக்குக் கிட்டவென்றால் சாதாரண இரும்பு ஒரு வருடத்தில் கபில நிறக் கண்ணீர் விடும். பித்தளை எடுங்கள், அல்லது 316 ரகத் துருவுறா எஃகு. 304 கடற்காற்றில் புள்ளி விழும். வீட்டில் இருந்த பழைய பித்தளைப் பூட்டுகளைப் புளியால் தேய்த்துத் திரும்பப் போட்டோம், ஒன்றுகூட வாங்கவில்லை.

சாமான்கள் எங்கே போகும்

எளிய வீடு என்றால் சாமான் இல்லாத வீடு என்று நினைத்து, அலுமாரியே வைக்காமல் கட்டிவிட்டு ஆறு மாதத்தில் அவதிப்படுபவர்கள் உண்டு. நம் வீடுகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து உறவினர் வருவார்கள், ஆறு பேர் படுக்கப் பாயும் தலையணையும் வேண்டும். இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, குத்துவிளக்கு, ஆல்பங்கள் எல்லாம் இருக்கும். ஆகவே ஒரு நீண்ட சுவர் முழுக்க, தரையிலிருந்து உத்தரம்வரை, இரண்டடி ஆழத்தில் ஓர் அலுமாரிச் சுவர் கட்டுங்கள். வெளிச்சுவரில் ஒட்டாமல் உள்சுவரில் கட்டுங்கள், பின்னால் ஓரங்குல இடைவெளியும், கதவின் கீழும் மேலும் காற்றுத்துளையும் விடுங்கள். இல்லாவிட்டால் பட்டுச்சேலையில் பூஞ்சணம் பிடிக்கும்.

குசினியை ஹோலோடு சேர்த்துத் திறக்கும் வழக்கம் எனக்குச் சரிவரவில்லை. மிளகாய் வறுக்கும் வீட்டுக்கு ஒரு கதவு வேண்டும். நாங்கள் குசினியை முற்றத்துப் பக்கம் திறந்தோம், புகை அங்கே போகிறது. சாமி அறையைத் தனியே கட்டவில்லை. அலுமாரிச் சுவரின் கிழக்குப் பார்த்த ஒரு பகுதி மரக்கதவோடு சாமித்தட்டாக இருக்கிறது. திறந்தால் கோயில், மூடினால் சுவர். எண்ணெய் விளக்கின் மேல் மரம் கருகாமல் இருக்க ஒரு பித்தளைத் தகடு அடித்தோம்.

கடைசியில் வெளிச்சம்

மின்குமிழ் வாங்கும்போது 2,700 முதல் 3,000 கெல்வின் எடுங்கள். நீல வெள்ளை வெளிச்சம் சிவப்புத் தரையையும் மரத்தையும் செத்ததாகக் காட்டும். உயரக் கூரைக்கு மின்விசிறியை நீண்ட தண்டில் இறக்கி, தரையிலிருந்து எட்டு ஒன்பது அடியில் வையுங்கள். சுவருக்கு ஒரு வெள்ளை போதும், தூய வெள்ளையைவிடச் சற்று மஞ்சள் கலந்தது. கடற்பக்கத்து மத்தியான வெளிச்சத்தில் தூய வெள்ளை கண்ணைக் கூசும்.

குடிவந்த பிறகும் அந்த வடக்கு அறைச் சுவருக்கு நிறம் அடிக்காமல் ஒரு வருடம் விட்டோம். முன்பு சோக்கட்டியால் போட்டதுபோல ஒவ்வொரு மழைக்கும் ஈரக்கோடு எங்கே நிற்கிறது என்று தேதியோடு குறித்தேன். மே மாதக் கோடு முழங்கால் உயரத்தில் இருந்தது, நவம்பர்க் கோடு கணுக்காலில். ஜனவரியில் சுவர் வெளிறிக் காய்ந்ததும் அந்த மேசன் அண்ணனையே கூப்பிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம்.